501-ஆவது யூனிட்

வணக்கம் ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். அல்ஜீப்ரா தொடங்கினாலே “இது எதுக்கு மிஸ், வாழ்க்கையில எங்க வரப்போகுது?” என்று கேட்கிறார்கள். கடை, வங்கி, கட்டடம் என்று உதாரணம் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். போர்ஷனையும் முடித்தாக வேண்டும். கணக்கை இவர்களுக்கு நெருக்கமாக்க வழி உண்டா?

– கணித ஆசிரியை, தர்மபுரி மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

“எதுக்கு மிஸ்?” என்று கேட்கும் பையன் பெரும்பாலும் பயனைக் கேட்பதில்லை. புரியவில்லை என்பதைக் கௌரவமாகச் சொல்கிறான். புரிந்த கணக்கைப் போடும்போது அவன் அப்படிக் கேட்பதில்லை, கவனித்துப் பாருங்கள். பின்னத்தில் எங்கோ விட்டதைப் பிடித்துக் கொடுத்தாலே பாதிக் கேள்வி நின்றுவிடும்.

சரி, மீதிப் பாதி. பாடப்புத்தகத்தில் யாரோ ஒருவர் அறுபது தர்பூசணி வாங்குவார். ஏன் வாங்கினார் என்று யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி உதாரணத்துக்குக் கொட்டாவி விடுவது நியாயம்தான். வீட்டில் நிஜமாகவே சண்டை நடக்கும் கணக்கைக் கொண்டு வாருங்கள். கரண்ட் பில்லை எடுத்துக்கொள்ளலாம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணம் இது: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஓடினால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6. மொத்தம் 1,725 ரூபாய். இப்போது ஒரே ஒரு யூனிட் கூட்டி 501-க்குப் போடச் சொல்லுங்கள். 1,958 வரும். ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாயா!

பிள்ளைகள் முதலில் நம்ப மாட்டார்கள், நீங்கள் தப்பாகப் போட்டுவிட்டதாகச் சொல்வார்கள். எங்கே போயிற்று அந்தப் பணம் என்று அவர்களையே தேட விடுங்கள். 500-ஐத் தாண்டினால் இரண்டாவது நூறுக்கான 2.25 என்ற சலுகை போய், அதற்கும் 4.50 ஆகிவிடுகிறது. அதில் 225, அந்த 501-ஆவது யூனிட்டுக்கு 8. இதையே வரைபடத்தாளில் போட்டால் 500-க்கும் 501-க்கும் நடுவே கோடு அறுந்து மேலே தாவும். ஒன்பதாம் வகுப்பு வரைபடப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. இப்போதைய கட்டணத்தை அவரவர் வீட்டு அட்டையை வைத்துப் போடச் சொன்னால், அன்று ராத்திரி அப்பாவிடம் போய் விளக்குவார்கள்.

அதற்காக எல்லாவற்றுக்கும் பயன் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். சதுரங்கம் எதுக்கு என்று யாரும் கேட்பதில்லை. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது நான்கு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையைக் கழியுங்கள். வந்த விடைக்கும் அதையே செய்யுங்கள். 1947 என்றால் 9741 − 1479 = 8262. அப்புறம் 6354, 3087, 8352, கடைசியில் 6174. அதோடு நின்றுவிடும், திரும்பத் திரும்ப 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கே வந்து சேரும். (நடுவில் 999 வந்தால் முன்னால் ஒரு பூஜ்ஜியம் போட்டுக்கொள்ள வேண்டும்.) மகாராஷ்டிராவில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கப்ரேகர், 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் சொன்னது இது. வகுப்பில் ஆளுக்கொரு எண் கொடுத்தால் இருநூறு கழித்தல் கணக்கு நடந்திருக்கும். ஒருவரும் முனக மாட்டார்கள். வாத்தியார் ஒருவர் கண்டுபிடித்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

போர்ஷன் கவலை நியாயமானது. தினமும் இதைச் செய்ய முடியாது, வாரத்தில் ஒரு பீரியட் போதும்.

பலாப்பழ சீசனில் இன்னொன்று செய்யலாம். காரிநாயனார் எழுதிய கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில், காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் உள்ளே இருக்கும் சுளைகளின் எண்ணிக்கை வரும் என்று ஒரு பாட்டு இருக்கிறது. கருக்கட்டாத பூவெல்லாம் சுளையாகாமல் சடையாகிவிடும் என்பதால் எனக்கு அதில் சந்தேகம்தான். மூன்று நான்கு பழம் வெட்டி, பாட்டு சொன்ன எண் ஒரு பக்கம், எண்ணிய சுளை ஒரு பக்கம் என்று பலகையில் எழுதுங்கள், எத்தனை சதவீதம் தவறுகிறது என்று அவர்களே சொல்லட்டும். எண்ணி முடிக்கும்வரை யாரும் வாயில் போடக் கூடாது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.