இடது கை கொஞ்சம் அதிகம் என்று சொன்னது தப்பா?

கேள்வி: நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 47. மகளுக்கு வாங்கிய டிஜிட்டல் பியானோவை, அவள் கல்லூரிக்குப் போனதும் நான் எடுத்துக்கொண்டேன். பியானோத் தேர்வில் மூன்றாவது கிரேடு முடித்திருக்கிறேன். எங்கள் டீச்சரிடம் படிக்கும் பெரியவர்கள் ஆறு பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். மாதக் கடைசி ஞாயிறன்று அவரவர் வாசித்ததைப் பதிவு செய்து போட வேண்டும். மற்றவர்கள் 'சூப்பர்' என்று எழுதி, கைதட்டும் பொம்மை போடுவோம்.

இரண்டு மாதம் முன்பு எங்களில் மூத்தவரான அண்ணன் ஒருவர் (63 வயது, ஓய்வுபெற்ற பொறியாளர்) ஷோபான் என்ற இசையமைப்பாளரின் ஏ மைனர் வால்ட்ஸை (மூன்று தட்டில் ஓடும் நடன இசை) வாசித்து அனுப்பினார். கை தெரிய வேண்டும் என்று ஃபோனை பியானோவின் இடது ஓரத்தில் வைத்துத்தான் எப்போதும் எடுப்பார். 'நல்லா இருக்கு அண்ணா, இடது கை மட்டும் கொஞ்சம் அதிகமா கேக்குது' என்று எழுதினேன். உதவி என்று நினைத்துத்தான் எழுதினேன். அதன் பிறகு அவர் எதையும் அனுப்பவில்லை. குரூப்பை விட்டுப் போகவும் இல்லை. மற்றவர்கள் அனுப்புவதை அன்றே திறந்து பார்த்துவிடுகிறார். மன்னிப்பு கேட்க வேண்டுமா? இனி பொம்மையோடு நிறுத்திக்கொள்ளவா?

இன்னொன்று. நான் ஒரு பீஸை முப்பது நாற்பது தடவை பதிவு செய்கிறேன். எங்காவது விரல் பிசகிவிடும், அழித்துவிடுவேன். நான்கு மாதமாக நானும் ஒன்றும் அனுப்பவில்லை.

பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: டீச்சர், 'இன்னொன்று' என்று கடைசியில் ஒதுக்கி எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்ணன் வால்ட்ஸை அனுப்பியபோது நீங்கள் ஏற்கெனவே இரண்டு மாதமாக எதுவும் அனுப்பாமல் இருந்திருக்கிறீர்கள். 63 வயதில் ஒரு மனிதர் துணிந்து வாசித்து ஐந்து பேர் முன்னால் வைக்கிறார். நாலு பேர் பொம்மை போடுகிறார்கள். வந்த ஒரே திருத்தம், வாசிக்காமல் கேட்க மட்டும் செய்கிறவரிடமிருந்து வருகிறது. நீங்கள் எழுதிய வாக்கியத்தில் ஒரு குற்றமும் எனக்குத் தெரியவில்லை, மரியாதையாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதைப் படித்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்கிறேன். பந்தியில் உட்காராதவர் வந்து சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொன்ன மாதிரி இருந்திருக்கும்.

இதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. அவருக்கு வீட்டில் வேறு வேலை வந்திருக்கலாம், மணிக்கட்டு வலித்திருக்கலாம். ஆனாலும் இப்படி ஒரு சாத்தியம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்வது நல்லது.

சரி, அந்த இடது கைக்கு வருவோம். அந்த வால்ட்ஸில் இடது கைக்கு என்ன வேலை? முதல் தட்டில் கீழே ஒற்றைச் சுரம், அடுத்த இரண்டு தட்டிலும் இரண்டு மூன்று சுரம் சேர்ந்த கொத்து. மூன்று தட்டும் இப்படியே பீஸ் முழுக்க ஓடும். மேலே பாடுகிற வலது கைக்குப் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே சுரம். எண்ணிக்கையிலேயே வலது கை தோற்றுவிடுகிறது. போதாததற்குக் கீழ்ச்சுரங்களின் ஒலி நெடுநேரம் நிற்கும், பெடலையும் மிதித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மூன்றாவது கிரேடு, நான்காவது கிரேடு ஆட்கள் யார் வாசித்தாலும் இடது கை தூக்கலாகத்தான் இருக்கும். ஏன், என் இடது கையும் அப்படித்தான்.

அதோடு ஃபோனை இடது ஓரத்தில் வைத்து எடுத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! கீழ்ச்சுரங்கள் இருக்கும் பக்கம் அது. டிஜிட்டல் பியானோ என்றால் இடது ஸ்பீக்கரும் அங்கேதான் இருக்கும். அதில்தான் கீழ்ச்சுரங்கள் கூடுதலாக வரும். ஃபோன் கேட்டது அந்த மூலையை. இதற்கு மேல் இன்னொரு வேலையையும் ஃபோன் செய்கிறது. நாம் பேசுவது தெளிவாகக் கேட்க வேண்டும் என்று, மெல்லிய ஒலியைத் தானாகவே ஏற்றும், பெரிய ஒலியைத் தானாகவே இறக்கும். அண்ணன் ஒரு வரியை மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக எழுப்பியிருந்தாலும், உங்களுக்கு அது ஒரே மட்டத்தில்தான் வந்து சேர்ந்திருக்கும். குரூப்பிலேயே மைக் பொத்தானை அழுத்திப் பதிவு செய்து அனுப்புகிறவர்கள் பாடு இன்னும் மோசம். அது பேச்சுக்காகச் செய்த ஏற்பாடு, ஒலியை நன்றாகப் பிழிந்துவிடும். ஃபோனின் ரெக்கார்டரில் எடுத்து, அதை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே போய்ச் சேரும்.

ஆக, நீங்கள் கேட்ட குறையில் எவ்வளவு அவர் கை, எவ்வளவு அவர் ஃபோன் என்று இப்போது யாருக்கும் தெரியாது. ஃபோனை ஐந்தாறு அடி தள்ளி, நடுவாக, ஒரு நாற்காலியின் மேல் வைத்து இன்னொரு தடவை எடுத்தால் தெரிந்துவிடும். நாற்காலியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் வைத்தால் கட்டை அமுங்கும் தட் தட் சத்தமும் குறையும். அப்போதும் இடது கை தூக்கலாக இருந்தால் அதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. வலது கை நன்றாகப் பாட வேண்டும், இடது கை கட்டைகளைத் தொட மட்டும் வேண்டும், ஒலிக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் மண்டை காய்ந்துவிடும். ஆனால் ஒரு வாரம் செய்தால் இடது கை அடங்கிவிடும்.

இனி அந்தக் கைதட்டும் பொம்மை. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. நம் ஊர்க் கச்சேரியை நினைத்துப் பாருங்கள். ஒரு சங்கதி நன்றாக விழுந்தால் அந்த நொடியிலேயே முன்வரிசையிலிருந்து ஒரு 'பலே' வரும், ஒரு 'ஆஹா' வரும், தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் கை ஒரு கணம் மேலே எழும். கேட்கிறார்கள் என்பது பாடுகிறவருக்குப் பாட்டுக்குள்ளேயே தெரிந்துவிடும். பியானோ வந்த ஊர்களில் இப்போதைய பழக்கம் வேறு, பீஸ் முடியும் வரை சபை மூச்சுக்கூட விடாது. ஆனாலும் ஒரே அறையில் இருப்பதால் அந்த அமைதியே பேசும். ஃபோனில் பதிவு செய்கிறவருக்கு இந்த இரண்டும் கிடையாது. சுவரைப் பார்த்து வாசித்து முடிக்கிறார். அரை மணி கழித்து ஒரு மஞ்சள் பொம்மை வருகிறது. முழுக்கக் கேட்டுவிட்டுப் போட்டார்களா, பாதி கேட்டார்களா, திறக்காமலே போட்டார்களா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் பாராட்டையும் இடம் குறித்துச் சொல்லுங்கள். '1:12ல் பாட்டு மேலே ஏறும்போது லேசாகத் தயங்கினீர்களே, அந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டேன்' என்று எழுதினால், கேட்டீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. என் கதை ஒன்று சொல்கிறேன். நானும் வீட்டுப் பியானோக்காரன்தான். ஒரு காலை நேரத்தில் சின்ன பீஸ் ஒன்றைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். நடுவில் அடுக்களையிலிருந்து குக்கர் மூன்று விசில் விட்டது. வேறு பதிவு எடுக்கப் பொறுமை இல்லாமல் அதையே நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு நண்பர் எழுதினார்: 'விசிலுக்கு நீ டெம்போவை விடவே இல்லையே!' அவ்வளவுதான். வருஷம் பல ஆகிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் வந்த 'சூப்பர்' எதுவும் ஞாபகம் இல்லை, இது ஞாபகம் இருக்கிறது.

திருத்தம் சொல்வதை நிறுத்திவிடவா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். எல்லாரும் பொம்மை மட்டும் போடும் குரூப் ஆறே மாதத்தில் காலை வணக்கம் அனுப்பும் குரூப்பாக மாறிவிடும். ஆனால் இரண்டு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அனுப்புகிறவரே ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பட்டும்: 'சும்மா கேளுங்க' அல்லது 'எங்கே சரியில்லன்னு சொல்லுங்க'. முதலாவது வந்தால் திருத்தம் கிடையாது. அடுத்தது, அந்த மாதம் தன் வாசிப்பை அனுப்பியவருக்குத்தான் திருத்தம் சொல்லும் உரிமை. இது கொஞ்சம் கறாராகத் தெரியலாம். இருக்கட்டும், இப்போது முதலில் மாட்டிக்கொள்வது நீங்கள்தானே!

அந்த முப்பது நாற்பது தடவைக்கு வருகிறேன். உங்கள் காதில் இருக்கும் அளவுகோல் எங்கிருந்து வந்தது? பெரிய பியானோக் கலைஞர்களின் பதிவுகளிலிருந்து. அவை எப்படி உருவாயின என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. கனடாவின் கிளென் கூல்ட் 1964ல் மேடையையே விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குள் போய்விட்டவர். பாக் எழுதிய ஏ மைனர் ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் மாறி மாறி எடுத்துப் போகும் உருப்படி) ஒன்றின் பதிவைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். ஆறாவது டேக், எட்டாவது டேக் (அதாவது ஆறாவது, எட்டாவது தடவை வாசித்த பதிவுகள்) இரண்டுமே பிசகில்லாமல் வந்திருந்தன, ஆனால் தனித்தனியே கேட்டால் சலித்தன. இரண்டையும் வெட்டி ஒட்டினார். நாம் கேட்பது அந்த ஒட்டைத்தான். இன்னொரு பெரிய பியானோக் கலைஞரான ஹோரோவிட்ஸ் 12 வருஷம் மேடைப் பக்கமே வராமல் இருந்துவிட்டு 1965 மே மாதம் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வாசித்தபோது, முதல் உருப்படியின் தொடக்கத்திலேயே விரல் பிசகியது. அப்போது வந்த இசைத்தட்டில் சில இடங்களைச் சரிசெய்து வெளியிட்டார்கள். பல வருஷம் கழித்துத்தான் ஒட்டு வேலை இல்லாத பதிவு வெளியே வந்தது. பிசகோடு கேட்டாலும் அது ஹோரோவிட்ஸ்தான்.

அண்ணனின் வால்ட்ஸை எழுதிய ஷோபானையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் அவருக்கு ஆகாது. வாழ்நாள் முழுக்கப் பொது மேடையில் சுமார் 30 கச்சேரிதான் செய்திருப்பார். மற்றபடி தெரிந்தவர்கள் வீட்டுக் கூடத்தில், தெரிந்த முகங்களுக்கு நடுவே வாசித்தார். அந்த ஏ மைனர் வால்ட்ஸ் அவர் உயிரோடு இருந்தவரை அச்சாகவும் இல்லை. உங்கள் ஆறு பேர் குரூப் அந்தப் பீஸுக்குப் பொருத்தமான இடம்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இது முழுக்க வேலைமுறை சம்பந்தப்பட்டது. விரல் பிசகியதும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறீர்கள், இல்லையா? அப்படியென்றால் நாற்பது தடவையில் முதல் பக்கத்தை நாற்பது தடவை வாசித்திருப்பீர்கள், கடைசிப் பக்கத்தை நாலு தடவை வாசித்திருப்பீர்கள். அதனால் முதல் பக்கம் தேய்ந்துபோய், அடுத்த பக்கம் எப்போதும் புதிதாகவே இருக்கும். பிசகு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே வந்ததும் 'ஐயோ, இப்போ வரும்' என்று தோள் இறுகும், உடனே வந்தும்விடும். ஒரு வாரம் கடைசி எட்டு பாரிலிருந்து (பார் என்பது ஒரு தாளக் கட்டம்) தொடங்குங்கள். அப்புறம் அதற்கு முந்தின எட்டு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவது மனசுக்கு எவ்வளவு தெம்பு என்று அப்போது தெரியும்.

பிசகினால் நிறுத்தாமல் போகும் பழக்கமும் வேண்டும். இதற்கு உங்கள் ஊரிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கனோ கீபோர்டோ வாசிப்பவரைக் கவனியுங்கள். அவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டார் என்பதற்காகச் சபை பாட்டை நிறுத்திக் காத்திருக்காது. அது பாடிக்கொண்டே போகும். அவரும் அடுத்த வரியில் போய்ச் சேர்ந்துகொள்வார். தவறியது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் பதிவு செய்யும்போதும் யாரோ உடன் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் மூன்று டேக், அவ்வளவுதான். நாலாவது கிடையாது. மூன்றில் எது உயிரோடு இருக்கிறதோ அதை அனுப்புங்கள், பிசகு இருந்தால் இருக்கட்டும். 'இன்னும் சரியா வரல, மன்னிக்கணும்' என்று முன்னுரை எழுதாதீர்கள். அப்படி எழுதினால் கேட்கிறவர்கள் பீஸை விட்டுவிட்டு உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

அனுப்புவதற்கு முந்தின நாள் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மெசேஜ் வேண்டாம், குரல் கேட்கட்டும். நீளமாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. 'அண்ணா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது, உங்ககிட்ட தனியா கேட்டிருக்கணும். நானே நாலு மாசமா ஒண்ணும் அனுப்பல. நாளைக்கு அனுப்புறேன், நீங்க கேட்டுச் சொல்லணும்.' மன்னிப்பு இதற்குள்ளேயே இருக்கிறது. கேட்டது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அன்றைக்கு அவர் வாசித்ததை உண்மையில் காது கொடுத்துக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான் போலிருக்கிறது. ஃபோன் வைத்த இடத்தைப் பற்றிய பேச்சை அவராக வால்ட்ஸ் பக்கம் வந்தால் எடுங்கள். பொறியாளர் அல்லவா, நாற்காலி, தூரம், ஸ்பீக்கர் என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும். காப்பி போட்டு வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

அதற்கும் அவர் அசையாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். மாதா மாதம் உங்கள் பதிவு குரூப்பில் விழட்டும். அவர் இன்னும் குரூப்பில் இருக்கிறார், வருகிற எல்லாவற்றையும் அன்றைக்கே திறக்கிறார் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். உங்களுடையதையும் திறப்பார்.