வலியும் மறதியும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை, வயது 44. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு, உடலெங்கும் நாட்பட்ட வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோய் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். வலியோடு ஓரளவு பழகிவிட்டேன். ஆனால் சென்ற வாரம் பன்னிரண்டாம் வகுப்பில், பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு அடுத்த வரி தெரியாமல் கரும்பலகை முன் நின்றேன். குழம்பில் உப்புப் போட்டேனா என்பதும் நினைவில் நிற்பதில்லை. என் அப்பாயி கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் இருந்தார். எனக்கும் அதுதான் தொடங்குகிறதா? இதே நோயோடு நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த அடுத்த வரி பிறகு உங்களுக்கு வந்ததா? ஆசிரியர் அறையில் போய் அமர்ந்து தண்ணீர் குடித்ததும் தானாகவே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிரெயின் ஃபாக் எனப்படும் இந்த மூட்டம் தூக்கத்தையும் வலியையும் பொறுத்துக் கூடும், குறையும். மறந்ததை நாமே உணர்ந்து தவிப்போம். அப்பாயிக்கு வந்தது வேறு. ஆயினும் மறதி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனாலோ, பழகிய தெருவில் வழி தவறினாலோ, நரம்பியல் மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

1990இல் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, உடலெங்கும் பரவிய வலியோடு, 18 இடங்களில் 11இல் அழுத்தும்போது வலித்தால்தான் இந்த நோய் என்றார்கள். மறதிக்கு அதில் இடமில்லை. 2010இல்தான் களைப்பு, தூங்கியும் தீராத அசதி ஆகியவற்றோடு சிந்தனைத் தடுமாற்றமும் அளவுகோலுக்குள் வந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் எத்தனை பெண்கள் தம் மறதியைத் தம் குறையென்று எண்ணி மறைத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. 2001இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்நோயாளிகளின் செயல்நினைவு தம்மைவிட இருபது வயது மூத்தவர்களுடையதைப் போல இருந்தது. ஆனால் மூளை செய்திகளைக் கையாளும் வேகம் குறையவில்லை. செயல்நினைவு என்பது ஒரு வரியைப் போடும்போதே முந்தைய வரியையும் மனத்தில் பிடித்துவைத்திருக்கும் திறன். உங்கள் கை தளர்ந்தது அங்கேதான். கணிதம் உங்களைவிட்டுப் போய்விடவில்லை.

வலி நம் கவனத்தில் ஒரு பங்கை எப்போதும் பிடித்துவைத்திருக்கிறது. தூக்கமும் கைகொடுப்பதில்லை: விழிப்புக்குரிய மூளை அலைகள் இந்நோயாளிகளின் ஆழ்ந்த தூக்கத்துக்குள் ஊடுருவுவதை 1975இலேயே டொராண்டோவில் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் உண்ணும் அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் போன்ற மாத்திரைகளும் சிலருக்கு மந்தம் தரும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவையும் நேரத்தையும் மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு, பி12, இரும்புச் சத்து ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நான் எழுதுவது எப்படி என்று கேட்டீர்கள். என் தெளிவான நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை என்பதைப் பல வாரங்கள் குறித்துவைத்துத்தான் கண்டுகொண்டேன். எழுத்து அப்போது மட்டும். பாதியில் எழும்போது அடுத்த வாக்கியத்தின் முதல் மூன்று சொற்களை எழுதிவைத்துவிட்டே எழுகிறேன். குறிப்பேடு ஒன்றே ஒன்று; இரண்டு இருந்தால் எதில் எழுதினேன் என்று தேட வேண்டிவரும். சமையலில் உப்பைப் போட்டதும் உப்பு ஜாடியை அடுப்பின் இடப்பக்கம் நகர்த்திவைக்கிறேன். ஜாடி இடப்பக்கம் இருந்தால் உப்புப் போட்டாயிற்று. அடுப்பை அணைத்ததும் "அணைத்துவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். நீங்களும் கணக்கின் படிகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவில் வைக்க வேண்டியதைத் தாளுக்கும் ஜாடிக்கும் ஒப்படைத்தால், மிச்சமிருக்கும் கவனம் பாடத்துக்குக் கிடைக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நல்ல நாள் ஒன்று வாய்த்தால் தேங்கிய வேலை முழுவதையும் அன்றே முடிக்கத் தோன்றும். அப்படிச் செய்தபோதெல்லாம் அடுத்த இரண்டு நாட்களை நான் இழந்திருக்கிறேன். நடப்பதை மட்டும் விடாதீர்கள். ஐரோப்பிய வாத மருத்துவக் கூட்டமைப்பு 2016இல் தன் பரிந்துரைகளைத் திருத்தியபோது, உறுதியாகப் பரிந்துரைத்த ஒரே வழி உடற்பயிற்சிதான். பத்து நிமிடத்தில் தொடங்கி, உடல் ஏற்கும் அளவுக்கு மெல்லக் கூட்டுங்கள்.

இந்த இரண்டு வாரங்கள் தூங்கிய நேரம், வலி, மூட்டம் சூழ்ந்த வேளை ஆகியவற்றை நாளுக்கு ஒரு வரியாக எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள். பதில் வரத் தாமதமானாலும் நான் கட்டாயம் எழுதுவேன்.

அன்புடன்,
அக்கா