"எனக்கு" என்று தொடங்கும் ஒரு வாக்கியம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் வட்டாரத்து நம் தமிழர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்றை மட்டும் எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கே பாதிப் பக்கத்துக்கு மேல் போய்விட்டது, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 56 வயது, சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். சின்ன வயதில் சாயங்காலத் தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்துதான், தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். என் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். எனக்கு 9 வயதிலிருந்து 11 வயது வரை, எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் தங்கியிருந்த மாமா ஒருவர் தப்பாக நடந்துகொண்டார். ஒரே ஒரு தடவை அம்மாவிடம் சொல்லப் போனேன். "வாயை மூடு, அப்பாவுக்குத் தெரிந்தால் வீட்டில் கொலை விழும்" என்றார்கள். அதோடு சரி. இப்போது அவருக்கு 78 வயது, குடும்பத்தில் மூத்தவர். டிசம்பரில் என் மகளுக்குக் கல்யாணம். நலங்குக்கு முதலில் மஞ்சள் பூச அவரைத்தான் கூப்பிடுவார்கள். என் மகள் கன்னத்தில் அந்தக் கை படுவதை நினைத்தாலே வயிற்றைப் பிரட்டுகிறது. 45 வருஷம் கழித்துப் பேசி என்ன ஆகப்போகிறது, கல்யாண வீட்டைக் கெடுத்தவள் என்ற பெயர்தான் மிஞ்சும். ஆனால் ராத்திரியில் தூக்கம் இல்லை. பேசுகிற தைரியம் எங்கிருந்து வரும்?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். தைரியம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறீர்கள், ஆனால் ஒன்பது வயதில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் சொல்லப் போன பிள்ளை நீங்கள். அந்த வயதில், அந்த வீட்டில், அந்த ஆள் பின்பக்கத்து அறையிலேயே இருக்கும்போது சொல்லப் போனீர்கள். தைரியம் அன்றைக்கே இருந்தது, கேட்க வேண்டியவர்தான் கதவைச் சாத்திவிட்டார். உங்கள் அம்மாவை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் அந்த வீட்டில் என்ன பயம் இருந்ததோ. ஆனால் "ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை" என்று நாளைக்கு யாராவது கேட்டால் (கேட்பார்கள், நம் ஆட்கள் முதலில் கேட்பதே அதுதான்) உங்களிடம் உண்மையான பதில் ஒன்று இருக்கிறது: சொன்னேன், ஒன்பது வயதில் சொன்னேன்.

இன்னொன்று கவனித்தேன். "தப்பாக நடந்துகொண்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், 31 வருஷம் செவிலியராக இருந்தபோது நான் எத்தனையோ பெண்கள் வாயில் கேட்ட சொல் அது. அந்த வாக்கியத்தில் அவர் இருக்கிறார், நீங்கள் இல்லை. 1996 ஏப்ரலில் நம் நாட்டு ஈஸ்ட் லண்டன் நகரத்தில், நிறவெறி ஆட்சியில் நடந்த கொடுமைகளை விசாரிக்க அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் முதல் விசாரணையைத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். 21,000 பேருக்கு மேல் அந்த ஆணையத்திடம் வாக்குமூலம் கொடுத்தார்கள். அதில் ஏராளமான பெண்கள், மகனை என்ன செய்தார்கள், கணவனை எங்கே கொண்டுபோனார்கள் என்றுதான் சொன்னார்கள், தங்கள் உடம்புக்கு நடந்ததை விட்டுவிட்டார்கள். ஆணையமே இதைக் கவனித்து, பெண்கள் பேசுவதற்கென்றே தனி அமர்வுகளை நடத்தியது. ஊரே அதிர்ந்த கொடுமைகளைச் சொல்ல வந்தவர்களுக்கும் "எனக்கு" என்ற சொல் தொண்டையில் நின்றது. அதனால் உங்களுக்கு அது வரவில்லை என்றால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

என் யோசனை இதுதான். முழுக் கதையையும் சொல்ல வேண்டாம். "எனக்கு ஒன்பது வயதில் இப்படி ஒன்று நடந்தது" என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்யுங்கள். அதை ஒரே ஓர் ஆளிடம் சொல்லுங்கள். குடும்பக் கூட்டம் வேண்டவே வேண்டாம், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. யாரிடம் என்று கேட்டால், முன்பு நீங்கள் சொன்ன ஒரு சின்ன விஷயத்தை வெளியே விடாமல் வைத்திருந்தவர் யாரோ அவரிடம். அது தங்கையாக இருக்கலாம், வேலை செய்த இடத்துச் சிநேகிதியாக இருக்கலாம், மருத்துவமனையில் இருக்கும் சமூகப் பணியாளராகவும் இருக்கலாம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். கல்யாணமான முதல் ஆறு வருஷம் புகுந்த வீட்டில் எனக்கு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. 2022-ல் ஒருநாள் சாயங்காலம், லோட் ஷெட்டிங் என்று கரண்ட் நிறுத்திய நேரம், அக்கா வீட்டு அடுப்படியில் கேஸ் விளக்கை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். முகம் சரியாகத் தெரியவில்லை, கைக்கு வேலை இருந்தது, அதனால்தானோ என்னவோ வாயில் வந்துவிட்டது. அக்கா அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "எந்த வருஷம்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்போ அந்தத் தீபாவளிக்கு நான் வந்திருந்தேனே, அப்பவுமா?" "அப்பவும்தான்." மறுபடி கீரையை எடுத்தார். மறுநாள் பொரியலில் பாதி தண்டாக இருந்தது, ஆய்ந்த கை எங்கே போகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வாரம் நான் நன்றாகத் தூங்கினேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், உண்மையில் முதல் இரண்டு நாள் "ஏன்டி சொன்னோம்" என்றுதான் இருந்தது. உங்களுக்கும் அப்படி இருக்கும். அந்த இரண்டு நாளைத் தாண்டிவிடுங்கள். அப்புறம், எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை. காரில் போகும்போது, துணி மடிக்கும்போது சொல்லலாம்.

சரி, நலங்கு. இதற்கு நீங்கள் யாருக்கும் எந்தக் காரணமும் சொல்லத் தேவையில்லை. நலங்கு வைக்க சுமங்கலிப் பெண்கள் போதும், எத்தனையோ குடும்பங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். "என் மகளுக்குப் பெண்கள் மட்டும் மஞ்சள் பூசினால் போதும்" என்று பெண்ணின் அம்மாவாக நீங்கள் சொன்னால் அது முடிந்த பேச்சு. அதை இந்த மாதமே சொல்லிவிடுங்கள், பத்திரிகை அடித்து, வீட்டில் ஆட்கள் நிறைந்த பிறகு சொன்னால் கேள்விகள் கூடும்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்கட்டும். முன்பெல்லாம் வன்புணர்ச்சி தவிர மற்ற பாலியல் குற்றங்கள் பலவற்றுக்கு 20 வருஷம் தாண்டினால் வழக்குப் போட முடியாது என்று இருந்தது. 1970-களிலும் 80-களிலும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது ஒரே ஆளால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன எட்டுப் பேர், நடுவயதில் சேர்ந்து வந்து நீதிமன்றத்தில் நின்றார்கள். 2018 ஜூனில் நம் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த 20 வருஷக் கெடு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. இப்படிப்பட்ட காயத்தைச் சொல்ல ஒருவருக்குப் பல வருஷம் ஆகும் என்பதை அந்த நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே 45 வருஷம் ஆனாலும் போலீஸ் நிலையத்தின் கதவு உங்களுக்குத் திறந்துதான் இருக்கிறது. அதில் போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, போகாவிட்டால் கோழை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மாமா வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் வந்துபோகிறார்களா? யாராவது அவர் பொறுப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்களா? அப்படி என்றால் டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் இந்த வாரமே பேசுங்கள். இப்போது ஒரு குழந்தைக்கு இப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், 2007-ல் வந்த சட்டப்படி அது எல்லோருக்கும் கடமை. ஒரு குழந்தையே உங்களிடம் வந்து சொன்னால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள், "சொன்னது நல்லது கண்ணு" என்று சொல்லிவிட்டு 116-க்கு ஃபோன் போடுங்கள், அது சைல்ட்லைன், குழந்தைகளுக்கான உதவி எண். சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனையிலேயே துதுசெலா மையம் இருக்கிறது, டாக்டர், போலீஸ், ஆலோசகர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்படி அமைத்தது. துதுசெலா என்றால் கோசா மொழியில் ஆறுதல்.

கேள்வி: 29 வயது, பீனிக்ஸ். என் கணவர் என்னை அடிப்பதில்லை. ஆனால் சம்பள கார்டு அவரிடம்தான் இருக்கும், ஃபோனைத் தினமும் பார்ப்பார், நடுராத்திரியில் எழுப்பி வைத்துத் திட்டுவார். அம்மாவிடம் சொன்னால் "கை நீட்டலையே, அப்புறம் என்ன?" என்கிறார்கள். இதெல்லாம் வெளியே சொல்கிற விஷயமா?

பதில்: வெளியே சொல்கிற விஷயம்தான் கண்ணம்மா. 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. ஓயாத திட்டு, மிரட்டல், நீ சம்பாதித்த பணத்தை உன் கையில் தராமல் வைத்துக்கொள்வது, எல்லாம் அதில் வருகிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை.

நம் பாட்டன் காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன். 1894 வாக்கில் டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழர், ஒப்பந்தக் கூலி, முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். ஒப்பந்தக் கூலி சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறை என்கிற காலம் அது, அப்படியும் வந்தார். அங்கே இருந்த தமிழ் குமாஸ்தாதான் அவர் சொன்னதை மொழிபெயர்த்துச் சொன்னார். காந்தி முதலில் அவரை டாக்டரிடம் அனுப்பி, காயத்துக்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போனார். கடைசியில் பாலசுந்தரம் வேறு முதலாளியிடம் மாற்றப்பட்டார்.

அவருக்கு உடைந்த பல் சாட்சி. உன் காயம் வெளியே தெரியாது, அதனால் நீதான் சாட்சியை உண்டாக்க வேண்டும். தேதி, மணி, அவர் சொன்ன வார்த்தை அப்படியே, ஒரு நோட்டில் எழுதிவை. ஃபோனில் எழுதாதே, அவர் பார்ப்பார் என்கிறாயே. நோட்டை வேலை செய்யும் இடத்தில் வைத்துக்கொள். கூட வேலை செய்கிறவர் ஃபோனிலிருந்து 0800 428 428-ஐக் கூப்பிடு, பெண்கள் மீதான வன்முறைக்கென்று இருக்கும் உதவி எண், காசு ஆகாது. நீ பேசப்போவது அவருக்குத் தெரிந்தால் நிலைமை மோசமாகும் என்று தோன்றினால், முதலில் எங்கே போய்த் தங்குவாய் என்பதை முடிவு செய்துகொண்டு அப்புறம் பேசு. அம்மாவிடம் இன்னொரு தடவை பேசிப் பார், இந்தத் தடவை "அவர் திட்டுகிறார்" என்று சொல்லாமல் "எனக்குத் தூக்கம் இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்.

கேள்வி: மெரிபேங்கிலிருந்து எழுதுகிறேன், வயது 71. 1986-ல் நிறவெறி அரசு அவசரநிலை கொண்டுவந்தபோது பிடித்துக்கொண்டுபோய் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை, அவள் இப்போது இல்லை. மற்றவர்கள் என்னைவிட அதிகம் பட்டிருக்கிறார்கள் என்று உண்மை ஆணையத்துக்கும் நான் போகவில்லை. 14 வயதுப் பேரன் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்துக்காகக் கேட்கிறான். சொல்லும்போது அழுதுவிடுவேனோ என்று பயம்.

பதில்: அழுதால் என்ன ஐயா. அந்த ஆணையத்தின் முதல் வாரத்திலேயே, சிறையில் தன்னைச் சித்திரவதை செய்ததைச் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் சொல்ல வந்து பேச முடியாமல் தவித்தபோது, தலைவராக உட்கார்ந்திருந்த பேராயர் டெஸ்மண்ட் டுட்டு மேசையில் தலையைச் சாய்த்து அழுதார். அதனால் அவர் மதிப்பு குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மற்றவர்கள் அதிகம் பட்டார்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். உங்கள் மூன்று மாதத்தை அனுபவித்தவர் நீங்கள் ஒருவர்தானே, அதை வேறு யார் சொல்ல முடியும்? முழுவதையும் பையனிடம் கொட்ட வேண்டியதில்லை. 14 வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு தாங்கும் என்பது தாத்தாவுக்குத் தெரியும். பெரிய விஷயத்தை முதலில் எடுக்காதீர்கள், நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் உட்காருங்கள், பேனாவும் நோட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள். அவர்கள் வந்தது எந்தக் கிழமை, கதவைத் திறந்தது யார், அன்றைக்கு உங்கள் மனைவி என்ன சமைத்திருந்தார்கள், அதிலிருந்து தொடங்குங்கள்.