கிளாசிக்கல் பியானோ கேட்டா மனசு ஏன் லேசாகுது?

பாட்டு வரி எதுவும் இல்லாம பியானோ மட்டும் மெதுவா வாசிக்கிற மேற்கத்திய இசையைத்தான் இங்க சொல்றேன். போலந்துல பொறந்த இசையமைப்பாளர் ஷோபான் 1844ல எழுதி முடிச்ச 'பெர்சூஸ்'ங்கிற பியானோ இசையைக் கேட்டுப் பாருங்க, பிரெஞ்சுல அந்த வார்த்தைக்கே தாலாட்டுன்னுதான் அர்த்தம். இடது கை கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் ஒரே மாதிரி அசைஞ்சுட்டே இருக்கும், வலது கை ஒரு குட்டி மெட்டை எடுத்து அதைச் சுத்திச் சுத்தி கோலம் போட்டுட்டே போகும், தூளியில கிடக்கிற குழந்தைக்கு ஆட்டம் ஒரே சீரா இருக்கிறதாலதானே கண்ணு சொக்குது, இதுவும் அப்படித்தான்.

அடுத்து என்ன வரும்னு மூளைக்குப் பிடிபட்டுட்டா அது உஷாரா இருக்க வேண்டியதில்ல, மூச்சு நிதானமாகும், பலருக்கு நெஞ்சுத் துடிப்பும் கொஞ்சம் இறங்கும். அதோட பியானோல சுத்தியல் கம்பியைத் தட்டினதும் சத்தம் தானா தேய்ஞ்சு அடங்கும், எனக்கு அது பெருமூச்சு விட்ட மாதிரி அவ்ளோ ஆறுதலா இருக்கும். ஆனா எல்லா பியானோவும் இப்படி இல்ல, பீத்தோவனோட 'அப்பாசியோனாட்டா'ங்கிற பியானோ இசையில ஆவேசமா ஓடுற கடைசிப் பகுதியை ராத்திரி போட்டா வர்ற தூக்கமும் ஓடிடும்!

இதைக் கேட்டா வியாதியே குணமாகிடும்னு சிலர் நம்புறாங்க, ஆனா அப்படி இல்ல, பதட்டத்தையும் வலியையும் தாங்கிக்க இது நல்ல துணை, டாக்டர் குடுத்த மாத்திரையை மட்டும் இதை நம்பி நிறுத்திடாதீங்க.