மருந்து கேட்டீர்கள், சட்டியைக் கவிழ்க்கச் சொல்கிறேன்

கேள்வி: ஐயா, எட்டு மாதத்துக்கு முன் ‘குட்டைப் பாலைவன யூக்கா’ என்று விற்ற 12 கன்றுகள் வாங்கினேன். சாம்பல் பச்சை இலை, ஓரத்தில் சுருள் சுருளாக வெள்ளை நார். கோகோபீட்டும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி கலந்து பிளாஸ்டிக் சட்டியில் வைத்தேன். தண்ணீர் தேங்கக் கூடாது என்று அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டிருக்கிறேன். மூன்று நாளுக்கு ஒரு முறை அரை டம்ளர் தண்ணீர்தான். இருந்தும் எல்லாச் செடிகளிலும் அடி இலை மஞ்சளாகிறது. இரண்டு செடிகளில் நடுக்குருத்து தொட்டதும் கையோடு வந்துவிட்டது. விற்றவர் பூஞ்சாணம் என்று சொல்லி கார்பென்டசிம்மும் வேர் டானிக்கும் கொடுத்தார். இரண்டு முறை ஊற்றியும் பலனில்லை. அடுத்து எந்த மருந்து ஊற்றலாம்? மிச்சமிருப்பதில் பக்கக்கன்று பிரிக்கலாமா? இது பூக்குமா?

பதில்: எந்த மருந்தும் வேண்டாம். ஊற்றிய வரைக்கும் போதும்.

நீங்கள் இரண்டு வேறு சங்கதிகளை ஒரே நோயாக எழுதியிருக்கிறீர்கள். யூக்காவின் அடி இலை மஞ்சளாகி, நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வருவது பெரும்பாலும் மூப்பு. புது இலை நடுவில் வரும், பழையது அடியில் போகும். ஒன்றிரண்டு இலை அப்படிப் போனால் விட்டுவிடுங்கள். பச்சையாக இருக்கும்போது பிடுங்கினால் தண்டில் காயமாகும். ஐந்தாறு இலை ஒரே வாரத்தில், அதுவும் அடிப்பக்கம் கொழகொழவென்று மஞ்சளானால் அது மூப்பு இல்லை, வேர் போய்க்கொண்டிருக்கிறது. குருத்து கழன்று வருவதோ அதற்கும் அடுத்த கட்டம். வேரில் தொடங்கிய அழுகல் தண்டின் உச்சி வரை ஏறிவிட்டது, அல்லது குருத்துக்குள்ளேயே தண்ணீர் நின்று அங்கேயே தொடங்கியிருக்கிறது.

கார்பென்டசிம் ஏன் கேட்கவில்லை? ஈரம் தேங்கிய சட்டியில் வேரை முதலில் தின்பவை பெரும்பாலும் பித்தியம், பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் வகைகள். இவை உண்மையான பூஞ்சை இனத்திலேயே சேராதவை, கார்பென்டசிம் இவற்றை ஒன்றும் செய்யாது. அவற்றுக்கென்று வேறு மருந்து இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் நாளைக்கே வாங்கி ஊற்றுவீர்கள், சட்டி மேலும் ஒரு நாள் ஈரமாக இருக்கும். அழுகிய வேரை எந்த மருந்தும் திருப்பித் தராது. டானிக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேரே இல்லாத செடிக்கு வேர் டானிக் விற்பவருக்கு அது என்ன சரக்கு என்று நன்றாகவே தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். குருத்து கழன்ற இரண்டையும் இன்றே சட்டியோடு கவிழ்த்து, கலவையை முழுக்க உதறிவிடுங்கள். நல்ல வேர் கெட்டியாக, வெளிர் நிறத்தில் இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று நடுநரம்பு மட்டும் மிஞ்சும். தண்டைக் கூர்மையான கத்தியால் அடியிலிருந்து மெல்லிய வில்லைகளாக வெட்டிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். வெட்டுமுகம் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாமல் வெளுப்பாகத் தெரியும் வரை நிறுத்தக் கூடாது. குருத்து போனாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குத் தண்டு கெட்டியாக இருந்தால் செடி செத்ததாகக் கணக்கில்லை. அதிலிருக்கும் மொட்டுகள் பக்கத்தில் முளைத்து வரும். நல்ல துண்டுகளை நிழலில், காற்றோட்டத்தில் ஒரு வாரம் காயவிட்டு, உலர்ந்த கலவையில் புதைத்து, இன்னும் ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர் விடுங்கள். வெட்டிப்போட்ட நல்ல வேர்த்துண்டு ஏதாவது இருந்தால் தண்ணீரில் கசக்கிப் பாருங்கள், சோப்பு போல நுரைக்கும். அமெரிக்கத் தென்மேற்கின் பூர்வகுடிகள் தலைமுடி அலசியது இதன் இனத்து வேரால்தான். உங்கள் சிக்கலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கையில் கத்தி இருக்கும்போது பார்த்துவைக்கலாமே என்று சொன்னேன்.

தண்டை வெட்டும்போது உள்ளே துளைகளும், காலில்லாத வெள்ளைப் புழுவும் தென்பட்டால் கதையே வேறு. அது மூக்கு நீண்ட வண்டின் புழு. அந்தச் செடியைக் காப்பாற்ற முயலாமல் எரித்துவிட்டு, மற்ற சட்டிகளைத் தள்ளி வையுங்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் துளை எதுவும் தெரியவில்லை.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். எட்டு மாதமாக அந்த வேர் எதில் உட்கார்ந்திருக்கிறது?

அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று நம்பாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நடப்பது அதற்கு நேர்மாறு. நுண்ணிய துகளுள்ள கலவை, தன் இடுக்குகளில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதன் கீழே பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லி இருந்தால், அந்த எல்லையில் தண்ணீர் நின்றுவிடும். மேலே இருப்பது கிட்டத்தட்ட முழுதாக நனைந்து கனத்தால்தான் கீழே சொட்டும். தண்ணீர் விட்டு வடிந்த பிறகும் எந்தச் சட்டியிலும் அடியில் ஒரு நனைந்த அடுக்கு நிற்கும். ஜல்லி அந்த அடுக்கை வேருக்கு அருகில் தூக்கிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். சந்தேகமென்றால் பாத்திரம் கழுவும் பஞ்சு ஒன்றை முழுக்க நனைத்து, படுக்கை வசமாகக் கையில் ஏந்துங்கள். சொட்டு நின்றதும் அதையே செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், மறுபடியும் தண்ணீர் கொட்டும். பஞ்சும் அதேதான், தண்ணீரும் அதேதான், உயரம் மட்டுமே மாறியது. ஆறு அங்குலச் சட்டியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டவர், அதை நான்கு அங்குலச் சட்டியாகக் குறைத்துவிட்டார். அதனால் அடியில் ஒன்றும் போடாதீர்கள். துளை பெரிதாக இருந்தால் ஒரு வலைத்துண்டு போதும். மேலிருந்து கீழ் வரை ஒரே கலவை.

கலவையில் துகளின் அளவுதான் முக்கியம், பொருளின் பெயர் அப்புறம்தான். பியூமிஸ் என்ற நுரைக்கல் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் எரிமலைக் கல், அதுவும் இல்லையென்றால் நன்றாகச் சுட்ட செங்கல்லின் உடைசல். எதுவானாலும் 3 முதல் 6 மில்லிமீட்டர் துகள். இரண்டு சல்லடை வைத்துக்கொள்ளுங்கள்: பெரியதில் நிற்பதைத் தள்ளுங்கள், சிறியதில் விழும் தூளைக் கண்டிப்பாகத் தள்ளுங்கள். அந்தத் தூள்தான் எமன். தூள் மிஞ்சினால் அது இடுக்குகளில் இறங்கி அடைத்துவிடும். இப்படிச் சலித்த கல் ஏழு பங்கு, கழுவிய பருமணல் இரண்டு பங்கு, நன்கு மக்கிய இலைமட்கோ தோட்ட மண்ணோ ஒரு பங்கு. கலவையை நனைத்து முஷ்டியில் இறுக்கித் திறந்தால் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் மறுபடி சலியுங்கள். சட்டியில் மேலே ஊற்றிய தண்ணீர் சில நொடிகளில் அடியில் வந்துவிட வேண்டும். சல்லடை வாங்கச் சோம்பல்படுபவர்கள் யூக்கா வாங்காமல் இருப்பது நல்லது. வேலைக்குப் பயந்து கடையில் ‘கள்ளிக் கலவை’ என்று பொட்டலம் வாங்குபவர்கள் அதைச் சலித்துப் பார்க்கட்டும். பாதிக்கு மேல் கோகோபீட் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கோகோபீட் தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும். தக்காளி நாற்றுக்கு அது வரம். இந்தச் செடி வந்த இடம் அப்படியில்லை. உங்கள் படத்தைப் பார்த்தால் யூக்கா ஹாரிமானியே இனம் போலத் தெரிகிறது. தாவரவியலாளர் வில்லியம் ட்ரெலீஸ் 1902ல் பெயரிட்ட இனம் அது. இதன் நெருங்கிய உறவு யூக்கா நானா இன்னும் குட்டை. இரண்டும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தை உள்ளடக்கிய கொலராடோ பீடபூமிச் செடிகள். அங்கே பல இடங்களில் ஆண்டு முழுதும் பெய்வது 250 மில்லிமீட்டர் அளவு மழைதான். வேர் இறங்கியிருப்பது மணற்பாறைச் சரிவிலும் சரளையிலும். வெயிலைத் தாங்கும், வேர் உலர்ந்திருந்தால் பனிக்காலத்தில் உறைநிலைக்கு வெகு கீழேயும் தாங்கும். தாங்காதது ஒன்றே ஒன்று: வெதுவெதுப்பான இரவும் ஈரமான வேரும் சேர்ந்து வருவது. உங்கள் சட்டியில் எட்டு மாதமாக அதுதான் நடந்திருக்கிறது. மண்புழு உரமும் நுண்ணிய துகள்தான், கூடவே சத்தும் அதிகம். இந்தச் செடிக்கு ஊட்டம் போட்டால் இலை நீண்டு, சதை மெலிந்து, அழுகலுக்குத் தயாராக நிற்கும். உரம் கொடுத்தே தீருவேன் என்றால், வளரும் பருவத்தில் ஒரே ஒரு முறை, அட்டையில் எழுதியதில் கால் பங்கு.

‘அரை டம்ளர்தான்’ என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடுவதுதான் மோசம். கலவை ஒரு நாளும் உலர்வதில்லை, தண்ணீரிலுள்ள உப்பு வடிந்து போகாமல் சட்டியிலேயே சேர்ந்து இலை நுனி கருகுகிறது. விட்டால் அடியில் ஒழுகி ஓடும்படி விடுங்கள். அப்புறம் முழுக்க உலரும் வரை தொடாதீர்கள். உலர்ந்ததா என்பதைக் காலண்டர் சொல்லாது. ஒரு மூங்கில் குச்சியை அடி வரை செருகி, அரை மணி கழித்து எடுத்துப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் காத்திருங்கள். நான் சொன்ன கலவையில் வளரும் பருவத்தில் பத்து நாளைக்கு ஒரு முறை ஆகலாம், செடி ஓய்ந்திருக்கும் குளிர்காலத்தில் மாதம் ஒரு முறையே அதிகம். குருத்தின் மேல் ஊற்றாமல் ஓரமாக ஊற்றுங்கள். தொடர்மழை நாளில் சட்டியைக் கூரைக்கு அடியில் இழுத்துவிடுங்கள். வெயில், நேரடியாக ஆறு மணி நேரம், குறைந்தால் வேண்டாம். நிழலில் வளர்ந்ததை இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

மிச்சமுள்ள பத்துச் செடிகளையும் காத்திருக்காமல் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். கவிழ்க்கும்போது வேரின் நடுவில் உள்ள பழைய உருண்டையைக் கவனியுங்கள். நாற்றங்காலில் வளர்த்தவர்கள் பீட்டில் (ஈரம் பிடித்து வைக்கும் மட்கு) வைத்து, சுற்றிலும் வலைத்துணியோ தாளோ சுற்றியிருப்பார்கள். அதை அப்படியே வைத்து வெளியே மட்டும் நல்ல கலவை போட்டால் பயனில்லை, நடுவில் மட்டும் ஊறிக்கொண்டே இருக்கும். துணியைக் கிழித்து, விரலால் பிரித்து, முழுக்க உதறுங்கள். சில வேர் அறுந்தால் பரவாயில்லை, ஒரு வாரம் தண்ணீர் விடாமல் வைத்தால் காயம் ஆறிவிடும்.

விற்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குட்டை இனம் என்ற பெயரில் போகும் சரக்கில் நிறைய, வெறும் குழந்தைச் செடிகள். யூக்கா ஜைஜான்டியா என்ற முள்ளில்லாத மரவகையின் தண்டை வெட்டி வேர்விடச் செய்து ‘மினி’ என்று விற்கிறார்கள். மண்ணில் வைத்தால் அது வீட்டுக்கூரையைத் தாண்டும். உங்கள் செடியில் ஓர நார் இருப்பதால் அந்த ஏமாற்று நடக்கவில்லை. இன்னொரு ரகம், மேற்பரப்பில் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டி அனுப்புவது. உள்ளே என்ன மண் என்று பார்க்க முடியாது, தண்ணீரும் ஒழுங்காக இறங்காது. ஒட்டிய கல்லைப் பார்த்தால் வாங்காதீர்கள். மூன்றாவது ரகம்தான் எனக்குப் பொறுக்காதது: காட்டில் தோண்டி, வேரை மொட்டையடித்து, ‘முதிர்ந்த செடி’ என்று கூடுதல் விலைக்கு விற்பது. அரிசோனாவில் காட்டு யூக்காவைத் தோண்ட அனுமதிச் சீட்டு வேண்டும், சும்மா வைத்த சட்டமல்ல அது. இலையில் பழைய வடு, கீறல், ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்ட நிறம், அடியில் தடித்த தண்டு இருந்தும் நுண்வேரே இல்லை என்றால் விற்பவரிடம் விதையிலிருந்து வளர்த்ததா என்று நேராகக் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பக்கக்கன்றை இப்போது தொடாதீர்கள். கலவை மாற்றிய பிறகு ஒரு முழு வளர்பருவம் போகட்டும். கன்று தாயின் மூன்றில் ஒரு பங்கு அளவாவது வந்து, தனக்கென்று வேர் விட்ட பிறகு, வெப்பமான உலர்ந்த நாட்களில் பிரித்து, வெட்டை ஒரு வாரம் காயவிட்டு நடலாம். அவசரப்பட்டுப் பிரித்தால் தாயும் காயம், கன்றும் காயம்.

பூக்கும், ஆனால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெயில் குறைந்த சட்டியில் பூக்காமலே போகலாம். பூத்தால் பெரும்பாலான யானைக்கற்றாழைகள் (அகேவ்) போலச் சாகாது. பூத்த இலைக்கொத்தின் வளர்ச்சி அதோடு முடியும், பக்கத்திலிருந்து புதியது தொடரும். காய் மட்டும் தானாக வராது. யூக்காவுக்கு மகரந்தம் சேர்ப்பது அதற்கென்றே உள்ள ஒரு வெள்ளை அந்துப்பூச்சி. பெண்பூச்சி மகரந்தத்தை உருட்டி எடுத்துவந்து சூல்முடியில் (பூ நடுவில் மகரந்தம் ஏற்கும் நுனி) திணிக்கும், அதே பூவின் சூலகத்தில் முட்டையும் இடும், அதன் புழு விதையில் ஒரு பகுதியைத் தின்னும். பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி இதை 1872ல் எழுதினார். அந்தப் பூச்சி இல்லாத இடத்தில் அந்த வேலை உங்களுடையது: அந்தி சாய்ந்து பூ நன்றாக விரிந்த பிறகு, நுண்ணிய தூரிகையால் மகரந்தத்தைக் கட்டியாக எடுத்து, வேறொரு செடியின் பூவில், சூல்முடி நடுவே உள்ள குழிக்குள் அழுத்திவிடுங்கள். மேலாகத் தடவினால் காய் பிடிக்காது. அதற்கு இரண்டு செடிகள் ஒரே சமயம் பூக்க வேண்டும் என்பதால், பத்தையும் பிரித்து விற்றுவிடாமல் நாலைந்தைத் தாய்ச்செடியாக வைத்துக்கொள்ளுங்கள்.