அமெரிக்கக் காங்கிரஸ் (நாடாளுமன்ற) வேட்பாளர் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாசகி ஒருவரின் கேள்வி: "நியூ ஜெர்சியில் இருக்கிறோம். போன வருடம் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. 2026 நவம்பரில் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் முதல் முறையாக ஓட்டுப் போடப் போகிறேன். நிற்பவர்களில் ஒருவர் இப்போதைய உறுப்பினர், இன்னொருவர் புதியவர். இரண்டு பேரின் நோட்டீஸும் ஒரே மாதிரி இருக்கிறது: விலைவாசியைக் குறைப்பேன், குடும்பங்களுக்காகப் போராடுவேன். வரி, சோஷியல் செக்யூரிட்டி, குடியேற்றம் இந்த மூன்றில் யார் என்ன நிலை எடுக்கிறார் என்று எங்கே பார்ப்பது? ஊரில் இருக்கும் தம்பிக்கு கிரீன் கார்டு மனு போடும் யோசனையும் இருக்கிறது."

நோட்டீஸை ஓரமாக வைத்துவிடுங்கள். அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது.

நம் ஊரில் ஓட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கு இப்படித் தேடவேண்டிய தேவையே இருந்ததில்லை. அங்கே கட்சியின் நிலை தெரிந்தால் எம்.பி.யின் நிலை தெரிந்த மாதிரிதான். கொறடா உத்தரவை மீறினால் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி பதவியே போய்விடலாம். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. நடைமுறையில் பெரும்பாலானவர்கள் கட்சியோடு சேர்ந்துதான் ஓட்டுப் போடுகிறார்கள் என்பது உண்மை. அதனால் ஒருவர் எங்கே கட்சியை விட்டு விலகினார் என்பதைத் தேடினால் ஆளைப் பற்றி அதிகம் தெரியும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டு வரி பற்றி ஒரு காங்கிரஸ் வேட்பாளர் எவ்வளவு ஆவேசமாகப் பேசினாலும், அதை விதிப்பது உங்கள் ஊராட்சியும் கவுண்டியும் பள்ளி மாவட்டமும்தான். காங்கிரஸின் கையில் இருப்பது, அந்த வரியைக் கூட்டாட்சி வருமான வரிக் கணக்கில் எவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்ற வரம்பு. 2017 சட்டம் அதை 10,000 டாலர் என்று வைத்தது. 2025 ஜூலையில் வந்த பெரிய வரிச் சட்டம் அதைத் தற்காலிகமாக 40,000 டாலராக உயர்த்தியது. நியூ ஜெர்சிக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அந்தச் சட்டத்துக்கு யார் என்ன ஓட்டுப் போட்டார்கள் என்பது பிரதிநிதிகள் சபைச் செயலரின் தளத்தில் பெயர் வாரியாக இருக்கிறது. சபையில் அது முதலில் நிறைவேறியது 2025 மே 22 அன்று, 215க்கு 214 என்ற கணக்கில். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கழிவை 40,000 ஆக்கும் பிரிவும், குடியுரிமை இல்லாதவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 3.5% வரி போடும் பிரிவும் அன்று ஒரே மசோதாவுக்குள் இருந்தன. (பணம் அனுப்பும் வரி கடைசியில் 1% ஆகக் குறைந்தது. அதுவும் ரொக்கம், மணி ஆர்டர் போன்றவற்றில் அனுப்பினால்தான். வங்கிக் கணக்கிலிருந்தோ டெபிட் கார்டிலோ அனுப்பினால் இல்லை.) ஆதரித்தவர் இரண்டுக்கும் சேர்த்து ஆதரித்தார், எதிர்த்தவர் இரண்டையும் சேர்த்து எதிர்த்தார். இப்படிப்பட்ட மூட்டை மசோதாக்களில் ஓட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அன்றைக்கே அந்த உறுப்பினர் வெளியிட்ட அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மூட்டையில் எதைக் காட்டிப் பெருமைப்பட்டார், எதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று பார்த்தால் போதும்.

சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கு வருவோம். "பாதுகாப்பேன்" என்று சொல்லாத வேட்பாளரே இல்லை. ஆனால் ஓய்வூதிய நிதியிலிருந்து முழுத் தொகையும் கொடுக்க முடிவது 2033 வரைதான், அதன் பிறகு வரும் வரி வருமானத்தை வைத்துச் சுமார் 77% தான் கொடுக்கலாம் என்று 2025 அறங்காவலர் அறிக்கை சொல்கிறது. இதைச் சரிசெய்யப் பெரிய வழிகள் சிலதான். 2026இல் 184,500 டாலர் வரையிலான சம்பளத்துக்குத்தான் 6.2% பிடிக்கிறார்கள், அந்த உச்சவரம்பை உயர்த்தலாம். இப்போது 67 ஆக இருக்கும் முழு ஓய்வு வயதைத் தள்ளலாம். பென்ஷன் கணக்கிடும் முறையை மாற்றித் தொகையைக் குறைக்கலாம். அல்லது கடன் வாங்கலாம். இதில் எது என்று சொல்லாத வேட்பாளருக்கு நிலைப்பாடு இருப்பதாக நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.

உறுப்பினர்கள் அடிக்கடி காட்டும் ஆதாரம் ஒன்று உண்டு: "அந்த மசோதாவை இணைந்து முன்மொழிந்தேன்." இணை முன்மொழிவுக்குச் செலவே இல்லை. ஒவ்வொரு இரண்டாண்டிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள் வருகின்றன, சட்டமாவது சில நூறுதான். அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் பலரின் சோஷியல் செக்யூரிட்டியை வெட்டிக்கொண்டிருந்த இரண்டு விதிகளை நீக்கும் மசோதாவுக்கு 300க்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள், ஆனாலும் அது அவைக்கே வரவில்லை. 2024 செப்டம்பரில் 218 பேர் கையெழுத்திட்டு, சபைத் தலைமையைத் தாண்டி மசோதாவை வெளியே இழுத்தார்கள். நவம்பரில் 327க்கு 75 என்று நிறைவேறி, 2025 ஜனவரியில் சட்டமானது. பெயர் கொடுத்த பலர் அந்த 218இல் இல்லை. தன் கட்சித் தலைமை தடுத்துவைத்த மசோதாவுக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தால், அது அவருக்கு உள்ளபடியே முக்கியம் என்று நம்பலாம். இந்தக் கையெழுத்துப் பட்டியலும் செயலரின் தளத்திலேயே கிடைக்கும்.

குடியேற்றத்தில்தான் நீங்கள் ரொம்பக் கவனமாக இருக்கவேண்டும். "சட்டப்படியான குடியேற்றத்தை ஆதரிக்கிறேன்" என்று இரண்டு பேருமே சொல்லலாம், இரண்டு பேரும் நேர் எதிராக ஓட்டும் போடலாம். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் 7%க்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பை எடுக்கும் மசோதா 2019 ஜூலையில் சபையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. அப்புறம் செனட் வேறு வடிவத்தில் நிறைவேற்றியது, இரண்டும் ஒன்றாகவில்லை, மசோதா செத்தது. 2022 டிசம்பரில் அதேபோன்ற ஒன்று ஓட்டெடுப்புக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டது. 365 பேர் ஆதரவு என்பது கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். இன்னொன்று, அந்த மசோதா வருடத்துக்குச் சுமார் 140,000 என்ற மொத்த எண்ணிக்கையைத் தொடவில்லை. வரிசையை மாற்றி அமைத்தது. இந்தியர்களுக்கு லாபம், வேறு நாட்டவர் சிலருக்குக் காத்திருப்பு. ஆகவே வேட்பாளரிடம் கேட்கவேண்டியது: வரம்பை மட்டும் எடுப்பீர்களா, மொத்த எண்ணிக்கையையும் கூட்டுவீர்களா?

உங்கள் தம்பி விஷயம் இதிலிருந்து வேறு. அது குடியுரிமை பெற்றவர்களின் உடன்பிறந்தோருக்கான பிரிவு, வருடத்துக்கு 65,000 இடங்கள். "தகுதி அடிப்படையிலான குடியேற்றம்" என்ற சொல்லைக் கேட்டதும் படித்த தம்பிக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 2017இல் செனட்டர்கள் காட்டனும் பெர்டியூவும் அந்தப் பெயரில் கொண்டுவந்த மசோதா, உடன்பிறந்தோர் பிரிவையே நீக்கச் சொன்னது. "சங்கிலிக் குடியேற்றத்தை நிறுத்துவோம்" என்று யாராவது சொன்னால் அவர்கள் குறிப்பது உங்கள் தம்பி போன்றவர்களைத்தான்.

புதியவருக்கு ஓட்டுப் பதிவு இருக்காது. மாநிலச் சட்டமன்றத்திலோ நகர மன்றத்திலோ இருந்திருந்தால் அந்தப் பதிவைத் தேடுங்கள். இல்லையென்றால், யார் அவரை ஆதரிக்கிறார்கள் என்று பாருங்கள். தொழிற்சங்கங்களும் துப்பாக்கி உரிமைச் சங்கமும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வேட்பாளர்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பி, பதில்களைப் பார்த்த பிறகுதான் ஆதரவை முடிவு செய்வது வழக்கம். வரியை உயர்த்தமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் ஓர் உறுதிமொழி 1986 முதல் புழக்கத்தில் இருக்கிறது. புதியவர் அதில் கையெழுத்திட்டிருந்தால், சோஷியல் செக்யூரிட்டி கேள்விக்கு அவருடைய பாதிப் பதில் கிடைத்துவிட்டது. பிரச்சாரத் தளத்தின் பழைய பிரதிகளையும் இணைய ஆவணக் காப்பகத்தில் பாருங்கள். கருக்கலைப்பு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த 2022இல், அரிசோனா செனட் வேட்பாளர் பிளேக் மாஸ்டர்ஸ் தன் தளத்தில் அந்தப் பகுதியை மாற்றி எழுதியது இப்படித்தான் வெளியே வந்தது.

நன்கொடை விவரம் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது, 200 டாலருக்கு மேல் கொடுத்தவர்கள் பெயரோடு. வேட்பாளரைச் சேராத வெளிக்குழுக்களின் விளம்பரங்களை நம்பிப் பிரச்சினையை ஊகிக்காதீர்கள். 2024இல் கலிஃபோர்னியா செனட் வேட்பாளர் கேட்டி போர்ட்டருக்கு எதிராக கிரிப்டோ துறையின் குழு சுமார் ஒரு கோடி டாலர் செலவழித்தது, விளம்பரங்களில் கிரிப்டோ பற்றிப் பேச்சே இல்லை.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். ஜெயிப்பவர் ஜனவரியில் போடும் முதல் ஓட்டு சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க. எந்த மசோதா அவைக்கு வரும் என்பதை முடிவு செய்வது சபாநாயகரும் அவர் கட்சியும்தான். தனிமனிதராக எவ்வளவு பிடித்திருந்தாலும் இதையும் சேர்த்தே எடை போடுங்கள்.

தொகுதி அலுவலகத்துக்குப் போன் செய்து, உடன்பிறந்தோர் பிரிவை நீக்கும் மசோதாவுக்கு உறுப்பினர் எதிராக ஓட்டுப் போடுவாரா என்று ஒற்றைக் கேள்வியாகக் கேளுங்கள். புதியவரிடம் நேர்முகக் கூட்டத்தில் அதே கேள்வி. நியூ ஜெர்சியில் வாக்காளர் பதிவுக்குக் கெடு தேர்தலுக்கு 21 நாள் முன்பு. தேர்தல் நவம்பர் 3. தம்பிக்கான மனுவை மட்டும் தேர்தல் முடியட்டும் என்று தள்ளிப் போடவேண்டாம். வரிசையில் அவர் இடம், மனு போய்ச் சேரும் தேதியிலிருந்துதான் கணக்கு, இந்தியர்களுக்கு அந்த வரிசை இப்போதே பதினைந்து வருடத்தைத் தாண்டி நிற்கிறது.