கொப்புளத்தில் ஏன் இரத்தம் இல்லை?

வணக்கம் அக்கா,

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். உடலின் வெளிப்பரப்பையும் உறுப்புகளின் உட்சுவரையும் போர்த்தியிருக்கும் மேலணி இழையத்துக்குக் குருதிக்கலன் இல்லை என்று படித்தோம். ஆனால் தோல் வெட்டுப்பட்டால் இரத்தம் வருகிறதே? அயல் கலங்களை இணைக்கும் கலச் சந்திகள் மூன்றையும் (டெசுமோசோம், இறுக்கமான சந்தி, இடைவெளிச் சந்தி) பாடமாக்கிவிட்டேன். ஏன் மூன்று வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.

ஒரு மாணவி, ஒட்டுசுட்டான்

அன்புள்ள தங்கச்சி,

பழக்கமில்லாத கை ஒரு நாள் மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டினால், மாலைக்குள் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பிவிடும். அது உடைந்தால் வருவது பெரும்பாலும் தெளிந்த நீர்தான். உராய்வால் மேல்தோலின் கலப்படைகளுக்கு நடுவே பிளவு விழுந்து, கீழிருந்து கசிந்த நீர் அதில் தேங்குகிறது. குருதிக்கலன்கள் அதற்கும் கீழே, மேலணிக்கு அடியில் விரிந்த அடித்தள மென்சவ்வைத் தாண்டி, அதைத் தாங்கும் தொடுப்பிழையத்தில் இருக்கின்றன. கத்தி அவ்வளவு ஆழம் போனால்தான் இரத்தம் வரும். மேலணிக் கலங்களுக்கு உணவும் ஒட்சிசனும் அங்கிருந்துதான் பரவி வருகின்றன.

அதே கொப்புளம் டெசுமோசோமையும் காட்டித் தருகிறது. தோலின் கலங்களைப் பக்கத்துப் பக்கத்தில் பிணைத்து வைத்திருப்பது அதுதான். கலத்துக்குள் ஓடும் கெரற்றின் என்ற புரத இழைகள் அதில் கட்டப்பட்டிருக்கின்றன. அதனால் ஒரு கலத்தில் விழும் இழுவையை அயல் கலங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. பெம்பிகசு என்றொரு நோய் உண்டு. அதில், கிருமிகளைத் தாக்கவேண்டிய உடலின் பிறபொருளெதிரிகளே டெசுமோசோமின் புரதத்தைத் தாக்கும். கலங்கள் ஒன்றையொன்று கைவிட, மண்வெட்டி தொடாத உடம்பிலும் கொப்புளம் போடும்.

சரி, இறுக்கமான சந்திக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், பாடத்தில் ஒரு வரியில் முடிந்துபோவதும் இதுதான். சிறுகுடலின் உட்சுவர் ஒரே வரிசைக் கலங்களால் ஆனது. முத்தையன்கட்டுக் குளக்கட்டை நினைத்துப் பாருங்கள். கட்டு ஒழுகாமல் இருந்தால்தான் துருசால் திறக்கும் தண்ணீருக்கு ஒரு கணக்கு உண்டு. குடற்கலங்களின் மேல் விளிம்பைச் சுற்றி இறுக்கமான சந்தி அப்படி ஒரு கட்டுப் போடுகிறது. அதன் முக்கிய புரதமான கிளாடினை 1998 இல்தான் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள்.

கசிவைக் கட்டுப்படுத்துவதோடு இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. கலத்தின் மேல்மென்சவ்வில் இருக்கும் புரதங்கள் கீழ்ப்பக்கம் நழுவிப் போகாமல் தடுக்கிறது. மேலே சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்து உள்ளே எடுக்கும் புரதம், கீழே சோடியத்தை வெளியே தள்ளும் பம்பி. இரண்டும் தத்தம் பக்கத்தில் நிற்பதால்தான் குடலில் இருந்து குருதியை நோக்கி ஒரு திசை பிறக்கிறது. உப்பும் சீனியும் போகும் அந்தத் திசையில் தண்ணீரும் பின்னால் போகிறது.

இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது என் தம்பிக்கு வயிற்றோட்டம் வந்தது. அம்மா இரவு முழுக்க ஜீவனி என்ற வயிற்றோட்டத் தூளைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கினா. கொலராவில்கூடச் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து நுழையும் அந்த வழி பெரும்பாலும் கெடுவதில்லை. ஜீவனியில் உப்போடு குளுக்கோசும் இருப்பது அதற்காகத்தான். இதைப் படித்தபோது அந்தக் கரண்டிதான் என் கண்ணுக்குள் வந்தது.

இடைவெளிச் சந்தியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு கொனெக்சின் புரதங்கள் சேர்ந்த சிறு குழாய், எதிர்க் கலத்தின் குழாயோடு பொருந்தும். அயன்களும் சிறு மூலக்கூறுகளும் அதனூடாகப் போகும், புரதம் போகாது. இதயத் தசைக்கு வரும்போது இதன் அருமை தெரியும்.

இழுவையைத் தாங்குவது, கசிவை அடைப்பது, சேதி கடத்துவது என்று வேலைகள் வேறு வேறு. அதனால்தான் மூன்று. 1963 இல் மரிலின் ஃபார்குவார், ஜோர்ஜ் பலாடே என்ற கல ஆய்வாளர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பல உறுப்புகளின் மேலணியைப் பார்த்து ஒரே ஒழுங்கைக் கண்டார்கள்: மேலே இறுக்கமான சந்தி, அதன் கீழ் கலங்களை ஒட்டிவைக்கும் இன்னொரு சந்தியான ஒட்டும் பட்டி, அதற்கும் கீழ் டெசுமோசோம்.

இப்போது ஒரு குடற்கலத்தைப் பென்சிலால் வரைந்து, அந்தப் புரதத்தையும் பம்பியையும் குறியுங்கள். அப்புறம் இறுக்கமான சந்தியை மட்டும் அழித்துவிட்டு, சோடியம் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா